மேட்டூரில் சங்கு ஊதிய சனிக்கிழமை

என் அக்கா ஸ்டெல்லா அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து போன வருடம் ஓய்வுபெற்றாள். வழியனுப்பு விழா முடிந்து மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தவளிடம், "எங்கயாவது டூர் போலாமாக்கா? வேளாங்கண்ணி, கொடைக்கானல், எங்க வேணாலும்" என்று கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "மேட்டூர் போலாம்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேலத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் அப்பா அங்கே பார்த்த வேலையை விட்டு நாங்கள் குடிபெயர்ந்த பிறகு அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அதற்குக் காரணம் நான். அது அவளுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அவள் அதை எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

ஆடிப் பதினெட்டுக்கு அங்கே கால்வைக்க இடமிருக்காது. அதனால் அதற்கு முந்தைய வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். புதிய பேருந்து நிலையத்தில் காலை 7.10க்கு வண்டி. ஆளுக்கு 45 ரூபாய். ஓமலூர், மேச்சேரி வழியாக 8.45க்கு மேட்டூரில் இறங்கினோம். பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டு செட் பூரி, இரண்டு காபி, 130 ரூபாய்.

முதலில் பூங்காவுக்குப் போனோம். நுழைவுச்சீட்டு பத்து ரூபாய். புல்தரையும் ஊஞ்சல்களும் பழைய இடத்திலேயே இருந்தன. நிமிர்ந்து பார்த்தால் அணையின் அந்தச் சாம்பல்நிறச் சுவர். நான் வளர்ந்துவிட்டதால் அது சிறியதாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இல்லை, அப்படியே வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. எங்கள் அப்பா இங்கே மின்நிலையத்தில் ஆபரேட்டர். இரவு வேலை முடிந்து அவர் வீட்டுக்கு வரும்போது சட்டையில் எண்ணெய் வாசம் வரும். "இந்த ரேடியோல பாட்டு பாடுதே, அது எங்கூட்டுக்காரரு உட்ட தண்ணி" என்று எங்கள் அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பெருமை அடிப்பார்.

நாங்கள் இருந்த மின்நிலையக் குடியிருப்பில் அக்கா அளவுக்கு நீந்துகிறவர்கள் யாருமில்லை. ஏழாம் வகுப்பு படிக்கும்போதே ஆற்றில் தண்ணீர் குறைந்த நாட்களில் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போய்த் திரும்பி வருவாள். பையன்கள் அவளோடு பந்தயம் கட்டித் தோற்பார்கள். ஆற்றுக்குள் இருக்கும்போது அவள் வேறு ஒரு ஆள் மாதிரி இருப்பாள், கரையேறினால்தான் எங்கள் ஸ்டெல்லா.

பத்தரை மணிக்கு, ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று அவளே சொன்னாள். ஆட்டோவுக்கு 80 ரூபாய், இரண்டரை கிலோமீட்டர். ஓட்டுநர் உள்ளூர்க்காரர். இவ்வளவு பழைய அணை பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன். என் வலைப்பதிவைப் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி அது.

"தொண்ணூறு வருசத்துக்கு மேலாச்சுங்க, டேமு அப்படியே நிக்குது. அதப் பாக்கறதுக்கு இஞ்சினியருங்க இருக்காங்க. கீழ பாறையில உக்காந்திருக்கற சனத்தத்தான் பாக்க ஆளில்லீங்க" என்றார்.

அவர் சொன்னது சரி. மேட்டூரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். காலையில் முழங்கால் அளவு ஓடும் ஆறு, மேலே தண்ணீரைக் கூட்டித் திறந்தால் அரைமணி நேரத்தில் ஆளை மூழ்கடித்துவிடும். மழை, மேகம் எதுவும் இருக்காது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறும்.

நாங்கள் கரையில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். கீழே ஆற்றுக்கு நடுவில், ஒரு பெரிய தட்டைப் பாறைமேல் நாலு ஆட்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு, பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய இரண்டு பைக்குகள் எங்களுக்குப் பின்னால் நின்றன.

11.20க்கு மேலே சாலையில் ஒரு ஆட்டோ ஒலிபெருக்கியோடு போனது. தண்ணீர் கூடுதலாகத் திறக்கப்படுகிறது, ஆற்றுக்குள் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னது. கரையோரம் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பாறைமேல் இருந்தவர்கள் அசையவில்லை.

அக்கா எழுந்துவிட்டாள். முழங்கால் வலிக்காரி, படிக்கட்டில்கூடக் கைப்பிடியைப் பிடித்து இறங்குகிறவள், மண்சரிவில் தடதடவென்று இறங்கித் தண்ணீர் ஓரத்துக்கே போய் நின்றாள். வார்டில் நோயாளிகளை அதட்டிப் பழகிய குரல் அது.

"தம்பிங்களா! தண்ணி வருது, ஏறுங்க!"

"அஞ்சு நிமிசமுங்க்கா, தின்னுபோட்டு வந்தர்றோம்" என்று ஒருவன் கையாட்டினான். இன்னொருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்து அவளையே படம் எடுத்தான்.

மறுபடி கத்தினாள். சிரித்தார்கள். அவள் திரும்பி மேலே பைக்குகளைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் வாயில் குவித்துக்கொண்டு, "ஏம்ப்பா, செவப்பு பைக் யாருது? போலீஸ்காரங்க வண்டியத் தூக்கி ஏத்தறாங்க!" என்றாள்.

நாலு பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். செருப்பு, சட்டை எல்லாம் கையில். மேலே வந்து பார்த்தால் வண்டி நிழலில் நின்றுகொண்டிருந்தது, போலீசும் இல்லை, ஒரு ஈ காக்காயும் இல்லை. சங்ககிரியில் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவர்களாம், விடுப்புப் போட்டு வந்திருக்கிறார்கள். சிவப்பு பைக்குக்காரனுக்குச் சரியான கோபம்.

"ஏனுங்க்கா, பெரியவங்க இப்படிப் பொய் சொல்லலாமுங்களா?"

"மொதல்ல நெசத்தத்தான் சொன்னேன். கேட்டீங்களா?" என்றாள் அக்கா.

முணுமுணுத்துக்கொண்டே சட்டையை மாட்டினார்கள். ஆனால் கிளம்பவில்லை. 11.50க்கு ஆற்றின் சத்தம் மாறியது. தண்ணீர் கலங்கி, ஓரத்துப் புல்லைச் சாய்த்துக்கொண்டு வந்தது. 12.15க்கு அந்தத் தட்டைப் பாறையைக் காணோம். அவர்கள் விட்டுவிட்டு வந்த பொட்டலக் காகிதம் மட்டும் சுற்றிக்கொண்டே போனது. நாலு பேரில் ஒருவன் வந்து அக்கா பக்கத்தில் நின்றான். "எனக்கு நீச்சல் தெரியாதுங்க" என்றான்.

ஒரு மணிக்கு மீன் கடையில் உட்கார்ந்தோம். வறுத்த கட்லா ஒரு தட்டு 120 ரூபாய். என்னால் சாப்பிட முடியவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவளிடம், "அக்கா, அன்னிக்கு அப்பாகிட்ட நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

அன்று சனிக்கிழமை. நான் மூன்றாம் வகுப்பு. அம்மா துணி துவைக்க எங்களையும் கூட்டிப்போயிருந்தார். சங்கு ஊதியது. தண்ணீர் கூட்டுவதற்கு முன்னால் அந்தக் காலத்தில் சங்குதான். எல்லோரும் ஏறிவிட்டோம். என் புதுச் செருப்பு பாறைமேல் இருந்தது. யாரும் பார்க்காதபோது நான் இறங்கிப் போய்விட்டேன். என்னைத் தேடி அக்கா பின்னாலேயே வந்தாள். அதற்குள் எங்களைச் சுற்றித் தண்ணீர். அவள் ஒருத்தி என்றால் நீந்திப் போயிருப்பாள். என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். மீன்பிடிக்கிற ஒருவர் பரிசலோடு வந்து இருவரையும் அள்ளிப்போட்டுக்கொண்டார்.

வீட்டில் அப்பா, "யாரு மொதல்ல எறங்குனது?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "அக்கா" என்றேன். எங்களை ஒருநாளும் அடிக்காத அப்பா அவள் கன்னத்தில் அறைந்தார். இனி நீ ஆற்றுப் பக்கமே போகக்கூடாது என்றார். அவள் போகவில்லை. அன்றோடு சரி, அவள் நீந்தவே இல்லை. உண்மை தெரியாமலே அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அக்கா மீனில் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். "மறந்திருப்பேன்னு நெனச்சியா?" என்றாள்.

"ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

"அவரு அடிச்ச அடி உனக்கு விழுந்திருந்தா நீ தாங்கிருக்க மாட்ட. சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நாளைக்கு நீயே சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல." எடுத்த முள்ளைத் தட்டோரம் வைத்தாள். "ரொம்ப வருசம் உம்மேல கோவம் இருந்துச்சுடி. நீ கல்யாணமாகிப் போறப்போ எல்லாரும் அழுதாங்க, எனக்கு அழுகையே வரல. இப்ப இல்ல. ஆனா இருந்துச்சு."

நான் அழுதேன். கடைக்காரம்மா காரம் அதிகமோ என்று தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வார நாளில் போங்கள். பூங்காவுக்கும் மீனுக்கும் அரை நாள் போதும். இருவருக்கும் சேர்த்து எங்களுக்கு 700 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. குளிப்பதென்றால் உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில், ஓரமாக மட்டும். ஆற்றுக்கு நடுவில் இருக்கும் பாறைக்கு எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். தண்ணீர் திறப்பு நாள்தோறும் மாறும், அன்றைய நிலவரத்தைக் கடையிலோ ஆட்டோவிலோ கேட்டுக்கொள்ளுங்கள். சங்கோ ஒலிபெருக்கியோ கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். ஏறியதும் முதலில் எல்லாப் பிள்ளைகளையும் எண்ணிவிடுங்கள்.

திரும்பி வர 3.40க்குப் பேருந்து கிடைத்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஓமலூர் வரும்போது என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, சேலத்துல பொம்பளைங்களுக்கு நீச்சல் கத்துக் குடுக்கற எடம் இருக்கா?"

"உனக்கு எதுக்குக்கா கத்துக் குடுக்கணும்?"

"எனக்கில்லடி, உனக்கு. உன்னத் தூக்கிக்கிட்டு இனிமே என்னால நிக்க முடியாது" என்றாள்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள், காலை ஆறரைக்கு நீச்சல் குளத்துக்குப் போகிறோம். அவள் முன்னால் நீந்துகிறாள். நான் இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை அடித்துக்கொண்டிருக்கிறேன்.