ஒன்பது நிமிஷம் நின்ற வண்டி

கராச்சர்மா பஸ் ஸ்டாப்பை ஒட்டித் தகர ஷெட் போட்டு, இருபத்தாறு வருஷமாக வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவர் தௌபீக். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர். இடதுகைக்காரர். ரோட்டில் மக்கர் பண்ணிவிட்டு, மெக்கானிக் முன்னால் நிறுத்தினால் ஒழுங்காக ஓடுகிற வண்டிகளெல்லாம் கடைசியில் அவரிடம்தான் வரும். "பாய், ஆப் ஹீ தேக்கோ", நீங்களே பாருங்கள் என்று இந்தியில் சொல்லிச் சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அவருடைய சொந்த வண்டி ஒரு பழைய மாருதி எண்ணூறு. ஓடிக்கொண்டிருக்கும்போதே சில நாள் பொட்டென்று நின்றுவிடும். பத்து நிமிஷம் போனால் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் மழைநாளில்தான்.

"ஊரு வண்டியெல்லாம் பாக்குறீங்க, நம்ம வண்டிய எப்பங்க பாப்பீங்க?" என்று அவர் மனைவி ஹுஸ்னா கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்பார்.

ஜூலையில் ஒரு மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது ஹுஸ்னாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மகள் அல்மாஸ் அம்மாவின் தலையை மடியில் வைத்துப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். பாதி வழியில் ஒரு ஏற்றத்தில் வண்டி நின்றது. தௌபீக் பானட்டைத் திறந்து, நனைந்தபடி ஒவ்வொரு வயராக அசைத்துப் பார்த்தார். ஒன்பது நிமிஷம் கழித்து, அவர் எதைச் செய்ததால் என்று தெரியாமலே, வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு மணி நேரத்தில் ஹுஸ்னா போய்விட்டாள். ரொம்பப் பெரிய அட்டாக், முன்னாடியே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். தௌபீக் தலையாட்டினார்.

நாலாம் நாள் ஷெட்டைத் திறந்துவிட்டார். அழவில்லை. வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு பேசியதெல்லாம் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்டது. அல்மாஸ் தட்டில் போட்டதைத் தின்றார். என்ன குழம்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் ஹுஸ்னாவின் அண்ணன் உதுமான் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, அந்த வண்டி இனி வாசல்ல நிக்க வேணாம். வித்துடுவோம்."

"கோளாறு என்னன்னு தெரியாம இன்னொருத்தன் தலையில கட்டக்கூடாது மச்சான்" என்றார் தௌபீக். அவ்வளவு நாளில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மறுநாள் காலையில் வேலையைத் தொடங்கினார். பேட்டரி முனைகளைச் சுரண்டினார். ஃப்யூஸ்களைக் கழற்றி மாட்டினார். சாவி போடும் ஸ்விட்சையே புதிதாக மாற்றினார். மூன்று நாள் ஓட்டியும் வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கோளாறு இருக்கும்போதுதான் அதைப் பிடிக்க முடியும். அதை வரவழைக்க வேண்டும். மழையில் மட்டும் நிற்கிறதென்றால் மழையில் மட்டும் நாம் என்ன செய்கிறோம் என்று யோசித்தார். வைப்பர், ஹெட்லைட், கண்ணாடியில் பனி படியாமலிருக்க ஃபேன், எல்லாம் ஒரே சமயத்தில் ஓடும்.

இரண்டு சின்ன பல்புகளை எடுத்தார். ஒன்றைச் சாவி ஸ்விட்சுக்குள் போகும் வயரிலும், மற்றதை அதிலிருந்து வெளியே வரும் வயரிலும் கட்டி, டேஷ்போர்டின் மேல் டேப் போட்டு ஒட்டினார். கரண்ட் எந்த இடத்தில் அறுபடுகிறது என்று அவை காட்டிக்கொடுக்கும்.

"நீ ஓட்டு" என்றார் அல்மாஸிடம். "நான் பல்பப் பாக்கணும்."

வெயில் சுள்ளென்று அடித்தது. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச்சிட்டுக்கொண்டு ஓட, பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் போனார்கள். எதிரே வந்த ஆட்டோக்காரர் சிரித்தபடி வானத்தைக் கைகாட்டினார். ஃபீனிக்ஸ் பே படகுத்துறை வரை போய்த் திரும்பினார்கள். மறுபடியும் போனார்கள்.

"கண்டுபுடிச்சா மட்டும் என்ன ஆகப்போகுது அத்தா?" என்றாள் அல்மாஸ்.

அவர் பல்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை, டெலானிபூர் பக்கம் மேட்டில் ஏறும்போது இரண்டு பல்பும் ஒன்றாக அணைந்தன. எஞ்சின் அடங்கியது. வைப்பர் பாதியில் நின்றது.

"ரெண்டும் போச்சு" என்றார். "அப்ப ஸ்விட்சுக்கு முன்னாடிதான்."

அல்மாஸ் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்திருந்தாள். அதைப் பார்த்தும் அவர் இறங்கி, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டார். ஸ்விட்சுக்குப் போகும் தடித்த வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு இடம் சுட்டது. கறுப்பு டேப் சுற்றிய ஒரு இணைப்பு. டேப்பைப் பிரித்தார். உள்ளே செம்பு பச்சையாகப் பூத்து, பாதி இழைகள் அற்றுப்போயிருந்தன. ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் முறுக்கிவிட்ட இணைப்பு. முறுக்கு எதிர்ப்பக்கமாக ஓடியது, இடதுகைக்காரன் முறுக்கியது. அவர் முறுக்கியது. எந்த வருஷம், என்ன அவசரத்தில் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. எல்லாம் சேர்ந்து ஓடும்போது சூடேறி விலகும், ஆறினால் ஒட்டும்.

"என்ன அத்தா?"

"என் கைவேலைதான்."

அவள் குனிந்து அந்த இணைப்பைப் பார்த்தாள். பிறகு, "டாக்டரு சொன்னாருல்ல... முன்னாடியே வந்திருந்தாலும்..." என்றாள்.

"சொன்னாரு."

நெஞ்சுக்குள் ஏதாவது உடையும் என்று அவர் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. வயர் ஆறியதும் வண்டி கிளம்பியது. ஷெட்டுக்குக் கொண்டுவந்து, கெட்டுப்போன இடத்தை வெட்டியெறிந்து, புது வயர் வைத்து, ஈயம் உருக்கிப் பற்றவைத்தார். ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் இழுத்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு, வண்டியைப் பார்க்க ஒருவரை உதுமான் கூட்டிவந்தார்.

"விக்கல மச்சான்" என்றார் தௌபீக்.

"சரியாப் போச்சுன்னுதானே சொன்னே?"

"சரியாத்தான் போச்சு. அல்மாஸ் வேலைக்கு ஓட்டிட்டுப் போகட்டும்."

வந்தவரைச் சமாதானப்படுத்தி உதுமான் அழைத்துப் போனார். தௌபீக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் நாலு மணி இருக்கும். வயிறு இழுத்துப் பிடித்தது. என்னவென்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பசி. ஹுஸ்னா போனபின் முதல்முறையாகப் பசித்தது. யாரும் பார்க்கிறார்களா என்று கூச்சத்தோடு சுற்றும் பார்த்துவிட்டு, எதிர்க் கடையில் இரண்டு சமோசா வாங்கி, ஷெட்டுக்குள் திரும்பி நின்று தின்றார். உப்புக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.