அண்ணாந்து பார்க்காமல் சாய்த்த மரம்

சாத்தான்குளம் பக்கத்து எங்கள் ஊரில் நாங்கள் சிலர் ஏரி, குளம் பராமரிப்பு பற்றிய ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தோம். சீமைக்கருவேலம் குளத்தைக் கெடுக்கும் என்று பாடம் நடந்த மறுநாளே, மற்றவர்கள் எங்கள் குளத்துக்கு ஜேசிபியைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு மரம் சாய்ந்துவிட்டது. அது குளத்துக்குக் கேடு செய்யாத நாட்டுக்கருவேலம்! கொக்குக் கூடுகளும் கூடவே விழுந்து, குஞ்சுகள் சேற்றில் துடித்துக்கொண்டிருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த மரத்தடியில் போய் நின்றேன்.

“ஏலே முருகேசா, மஞ்சப் பூ உருண்டை உருண்டையா பூத்திருக்கே, கண்ணு தெரியலயா? சீமைக்கருவேலம் இப்படியா பூக்கும்? மேல பாருல, கூடு!” என்று கத்தினேன்.

என்னோடு வகுப்பில் படித்த முருகேசன் அசரவே இல்லை. “எல்லாம் முள்ளு மரந்தானக்கா. குளத்துல வேலை செஞ்ச படம் அனுப்புனாத்தான் சர்ட்டிபிகேட்டு தருவாங்களாம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றான்.

நான் நகரவில்லை. கடைசியில் வண்டி திரும்பிப் போனது.

குஞ்சுகள் பிழைக்கவில்லை. சாய்ந்த மரத்தின் மேல் ஏறி நின்று எடுத்த படத்துக்கு முருகேசன் சான்றிதழ் வாங்கிவிட்டான்.

இப்போது ஜேசிபி வருகிறது என்றாலே நான் முந்திப் போய், கூடுள்ள மரங்களில் சிவப்புத் துணி கட்டிவிடுகிறேன். அதை அவிழ்க்க வருகிறவன் முதலில் அண்ணாந்து பார்க்கட்டும். பிறகு என்னிடம் பேசட்டும்.