சிறுமலை உச்சியில் சொன்ன அஞ்சு ஒன்பது

போன ஞாயிற்றுக்கிழமை மூத்தவள் விடுதியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். படம் நின்று நின்று வந்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நடுவில் ஒரு தடவை மட்டும் "அய்யா, கேக்குதா?" என்பது தெளிவாக வந்து விழுந்தது. "கேக்குதுத்தா, நல்லாக் கேக்குது" என்றேன். உண்மையில் ஒன்றும் கேட்கவில்லை. போனை வைத்ததும் பக்கத்தில் இருந்த சின்னவன், "அக்கா என்னய்யா சொன்னா?" என்றான். "சரியாக் கேக்கலடா" என்றேன். "அப்புறம் எதுக்குய்யா கேக்குதுன்னீக?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் பெரிசு. அதனால் பிள்ளைகளே, உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன். பத்தாவதும் அதற்கு மேல் ஐ.டி.ஐ.யும் படித்தவன் எழுத்து முன்னே பின்னே இருக்கும். தோழன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறான் என்று நினைத்துப் படியுங்கள்.

இராமநாதபுரத்தில் நம் கடை இப்போது செல்போன் உறை விற்கும் கடை. அப்போது ரேடியோ, ஆம்ப்ளிஃபையர், படகுகளில் வைத்துப் பேசும் வாக்கி எல்லாம் பழுது பார்க்கும் கடை. சால்டர் வைக்கும்போது ஈயம் உருகி ஒரு புகை எழும்பும். உங்கள் அம்மாவுக்கு அந்த வாசம் பிடிக்காது. என் சட்டையைத் தனி வாளியில்தான் ஊறப்போடுவாள். எனக்கோ அது வாலிப வயசின் வாசம். அந்தப் புகைக்குள்தான் ஹாம் ரேடியோ பைத்தியம் எனக்குப் பிடித்தது. பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசன்ஸ் வாங்கி, சொந்தமாக ஒரு செட்டு வைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஊர்க்காரர்களோடு காற்றில் பேசுவது. காசு எதுவும் கிடைக்காது. சும்மா பேசுவதற்கா பரீட்சை என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான்.

என்னோடு அதே பரீட்சை எழுதியவன் சூசை. தங்கச்சிமடத்துக்காரன், விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். வாக்கி ரிப்பேருக்கு வந்து, என் செட்டில் யாரோ ஒரு மலையாளத்துக்காரர் பேசுவதைக் கேட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தவன். முதல் தடவை தேறவில்லை, இரண்டாம் தடவை தேறிவிட்டான். லைசன்ஸ் தபாலில் வந்த அன்று மடி நிறைய இறாலோடு வந்து, "மாப்ள, இனிமே என்னையப் பாத்தா எந்திரிச்சு நிக்கணும், நானும் கவர்மெண்டு ஆளு" என்றான்.

ஒவ்வொரு ஹாமுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர் உண்டு. காற்றில் எழுத்துக்கள் குழம்பாமல் இருக்க, உலகம் முழுதும் எஸ்ஸுக்கு 'சியரா', பிக்கு 'பாப்பா' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சூசையின் ரேடியோப் பெயரில் அந்த இரண்டு எழுத்தும் உண்டு. அவனுக்குச் சியரா வாயில் நிற்காது. "சியராவ நான் கண்டனா? எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்" என்று எஸ்ஸுக்குச் சாளை, பிக்குப் பாறை என்று வைத்துக்கொண்டான். இரண்டும் மீன். "சாளை, பாறை கூப்பிடுறேன்" என்று அவன் குரல் வந்தால் தென்மாவட்டத்து ஹாம்கள் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

மலை விஷயத்துக்கு வருகிறேன். மலை உச்சியில் செட்டைக் கொண்டுபோய் வைத்து, அங்கிருந்து குறைந்தது நான்கு பேரிடம் பேசிவிட்டால் அந்த மலை உங்கள் பெயருக்குப் பதிவாகும். இணையத்தில் பட்டியல் இருக்கிறது. உலகம் முழுக்க இப்படி மலை சேர்க்கிறவர்கள் உண்டு. நம் மாவட்டத்தில் மலைக்கு எங்கே போவது? பாம்பன் பாலம்தான் நமக்கு உயரம். அதனால் நானும் சூசையும் மதுரை போய், திண்டுக்கல் போய், சிறுமலை பஸ் பிடித்துப் போனோம். ஏரியல் கம்பியைத் தூக்கி நிறுத்த, வலைக்கு அடையாளமாகக் கடலில் மிதக்கவிடும் கொடிக்கம்பு ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். மூன்று பஸ்ஸிலும் கண்டக்டர்களோடு சண்டை. மேட்டில் ஏறும்போது அவனுக்குத் தலை சுற்றியது. "தரை ஆடாம நிக்கிது மாப்ள, அதான் ஒத்துக்கல" என்று பாறையில் படுத்துவிட்டான். அன்று மழை வந்து ஒருவரும் கிடைக்கவில்லை. இருந்தும் எனக்கு அதுதான் நல்ல மலைப் பயணம். அடுத்ததைச் சொல்லத்தான் கை தயங்குகிறது.

அதற்கு முன் 'அஞ்சு ஒன்பது' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு ஹாம்கள் பேசினால், உன் குரல் எனக்கு எப்படி வருகிறது என்று இரண்டு எண்ணில் சொல்ல வேண்டும். முதல் எண் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பது. அஞ்சு என்றால் முழுதும் புரிகிறது. இரண்டாவது குரலின் பலம். ஒன்பது என்றால் உச்சம். அதையே நோட்டிலும் எழுத வேண்டும். முடிக்கும்போது 'எழுபத்து மூன்று' என்பார்கள். வணக்கம், போய் வாரேன் என்று அர்த்தம். ஆனால் எங்களுக்குள் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லாருக்கும் 'ஃபைவ் நைன்'. கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் பிரமாதம் என்கிறோமே, அந்த மாதிரி மரியாதை.

அந்த வருஷம் சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்தான். நான் தனியாகச் சிறுமலைக்குப் போனேன். மறுநாள் படகு போவதால் சூசை வரவில்லை. "கரையில இருந்து கூப்பிடுறேன், எனக்கும் ஒரு பதில் சொல்லு" என்றான். அவனுடைய லைசன்ஸ் அப்போது என் கடை மேசை டிராயரில் இருந்தது. உப்புக்காற்றில் காகிதம் நமுத்துப் போகிறது, லேமினேஷன் போட்டு வை என்று கொடுத்திருந்தான். நான்தான் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தேன்.

உச்சியில் பொழுது சாய்வதற்குள் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் கொல்லம். இன்னும் இரண்டு பேர் வேண்டும். பொழுது சாயச் சாய அந்த அலைவரிசையில் ஒன்று நடக்கும். பக்கத்து ஊர்க் குரல்கள் மங்கும்; கடல் தாண்டிய குரல்கள் மேலே வரும். இரைச்சலுக்குள் ஒருவர் என் பெயரின் கடைசி எழுத்துக்களைத் திருப்பித் திருப்பிச் சொல்வது கேட்டது. இத்தாலிக்காரர். அதுவரை என் குரல் அவ்வளவு தூரம் போனதே இல்லை. காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அதே நேரம் குறுக்கே வந்தான் சூசை. "சாளை... பாறை... மாப்ள..." அதற்குப் பிறகு நீளமாக என்னவோ சொன்னான். குரல் கிணற்றுக்குள் போய்விட்டது. 'சொல்லு' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. மறுபடி சொல்லப்பா என்று கேட்டிருக்க வேண்டும். இத்தாலிக்காரர் போய்விடுவாரே என்ற பதைப்பில், வெள்ளைக்காரன் மாதிரி நாக்கை மடக்கி, "ஃபைவ் நைன், ஃபைவ் நைன், செவன்டி த்ரீ" என்று அவனை விலக்கினேன். நோட்டில் மூன்றாவது வரியில் எழுதினேன்: சூசை, அஞ்சு ஒன்பது. நான்காவது வரியில் இத்தாலி. அந்த மனிதர் எனக்குக் கொடுத்தது மூன்று மூன்று. அரைகுறையாகத்தான் கேட்கிறது என்று முன்பின் தெரியாதவர் உள்ளதைச் சொன்னார். எனக்கு அதுவே திருவிழாவாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் இராமநாதபுரம் வந்து இறங்கினால், பூட்டிய கடை வாசலில் சூசையின் மனைவி பிலோமினா நிற்கிறாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, நேத்துச் சாயங்காலம் மப்டியில ரெண்டு பேரு வீட்டுக்கு வந்தாகண்ணே. கூரையில கம்பி எதுக்கு, இந்தச் செட்டுல யாருட்டப் பேசுறன்னு கேட்டாக. லைசன்சு எங்கன்னாக. இவுக, ராம்நாட்டுல கூட்டாளி கடையில இருக்கு, அவரு இப்ப மலையில இருக்காரு, இந்தா கூப்பிடுறேன், அவரையே கேளுங்கன்னு உங்களக் கூப்பிட்டாகண்ணே. 'மாப்ள, சார் வந்திருக்காக, நான் யாருன்னு சொல்லு, லைசன்சு உன்கிட்ட இருக்குன்னு சொல்லு'ன்னு தொண்டை கிழியக் கத்துனாக. நீங்க அம்பத்தொம்பது எழுவத்திமூணுன்னு இங்கிலீசுல என்னமோ சொன்னீக. அதக் கேட்டுத்தான் வந்தவுக மூஞ்சியே மாறிப்போச்சு. என்னடா நம்பர் இது, சாளை யாரு, பாறை யாருன்னு ஏத்திக்கிட்டுப் போயிட்டாக."

இலங்கை கூப்பிடு தூரத்தில் இருக்கிற கரை அது. எண்களைச் சங்கேதம் என்று நினைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். "சூசை, கேக்கலப்பா, திருப்பிச் சொல்லு" என்று நம் தமிழில் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அன்று வீட்டில் சாப்பிட்டுப் படுத்திருப்பான்.

இதுவரை நடந்தது தவறு. தவறு யாருக்கும் வரும். இனிமேல் சொல்லப்போவது தவறு இல்லை.

டிராயரைத் திறந்து லைசன்ஸை எடுத்துக் கொடுத்தேன். பிலோமினா வாங்கிக்கொண்டு நின்றாள். "நீங்களும் வாங்கண்ணே. காகிதம் இங்கிலீசுல இருக்கு. நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொன்னா விட்டுருவாக."

என் பின்னால் அலமாரியில் படகுக்காரர்களின் வாக்கிகள் ஏழெட்டு இருந்தன. எதற்கும் ரசீது கிடையாது, எங்கே வாங்கியது என்று நான் கேட்டதும் கிடையாது. நான் போய் நின்றால் என் கடையையும் பார்க்க வருவார்கள். நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சாக்கை உங்கள் தலையில் வைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

"கமுதியில ஒரு வேலை ஒப்புக்கிட்டேன்மா. முடிச்சிட்டு வாரேன்" என்றேன்.

ஒப்புக்கொண்ட வேலை எதுவும் இல்லை. சொன்ன பொய்யை மெய்யாக்க அன்றே பஸ் ஏறிக் கமுதிக்குப் போனேன். தெரிந்த மிளகாய் வியாபாரி ஒருவரின் பழைய ஆம்ப்ளிஃபையரை நானாகக் கேட்டு வாங்கிப் பிரித்து, இரண்டு நாள் அவர் சரக்குக் கிட்டங்கியில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் வத்தல் மூட்டைகள். இருமிக்கொண்டே இருந்தேன், கண்ணில் நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. "வத்தல் நெடி பழகாத ஆளு போல" என்று வியாபாரி மோர் கொடுத்தார். இன்றைக்கும் அம்மா மிளகாய் வறுத்தால் நான் ஏன் தெருவுக்குப் போய்விடுகிறேன் என்று கேலி செய்வீர்களே, அது இதுதான்.

சூசையை மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். செட்டு திரும்பி வரவில்லை. விசாரணைக்குப் போன ஆள் என்று படகுக்காரர் அவனை ஏற்றிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் கடைக்கு வந்தான். எப்போதும் உட்கார்கிற ஸ்டூலில் உட்காரவில்லை.

"மலை கெடச்சிருச்சா?" என்றான்.

நான் தலையாட்டினேன்.

"நோட்டக் காட்டு."

காட்டினேன். மூன்றாவது வரியில் விரலை வைத்தான். எழுத்தைவிட வலை பழகிய விரல் அது. எழுத்தை மீன் மாதிரி தடவிப் பார்த்தான்.

"அஞ்சு ஒன்பதுன்னு போட்டிருக்கே. அப்ப நான் சொன்னது முழுசும் உனக்குக் கேட்டிருக்கு."

"இல்ல சூசை, சத்தியமா..."

"கேக்கலன்னா ஏன் எழுதுன?"

இரண்டில் எதைச் சொன்னாலும் நான் பொய்யன். அந்த வரியை அடித்துவிடலாம் என்று பேனாவைத் தேடினேன். அவன் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினான்.

"அழிச்சிறாத மாப்ள. ஒரு ஆளு கொறஞ்சா மலை போயிரும் உனக்கு."

நான் அழிக்கவில்லை. அந்த மலை இன்றும் என் பெயருக்கு நேரே பட்டியலில் இருக்கிறது.

மற்றது எதுவும் மிஞ்சவில்லை. சூசை அந்த மாதமே மனைவியைக் கூட்டிக்கொண்டு கேரளக் கடற்கரைப் பக்கம் படகு வேலைக்குப் போனான். அவன் கூரைக் கம்பியைக் கழற்றியது யார் என்று தெரியவில்லை. அந்த இடத்தில் இப்போது யாத்திரீகர்கள் தங்கும் லாட்ஜ். நான் லைசன்ஸைப் புதுப்பிக்கவில்லை, செட்டை விற்றுவிட்டேன். கரையிலிருந்து கூப்பிட்டால் மலையிலிருந்து பதில் சொல்லும் ஆள் நம் பக்கம் ஒருவரும் இல்லை. வாக்கி ரிப்பேருக்கு வந்து கடை ஸ்டூலுக்குச் சண்டை போடும் படகுக்காரர் கூட்டமும் இல்லை.

போன வருஷம் மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி வாசலில் சூசை நின்றான். தலை பாதி நரைத்திருந்தது. எங்கள் கதை தெரியாத பெண் வீட்டுக்காரர் அவன் தோளைத் தொட்டு, "சூசை, இவரு ராம்நாட்டுல ரேடியோ கடை வச்சிருந்தவரு. உங்களுக்குத் தெரியுமே?" என்றார்.

சூசை என் முகத்தை நேராகப் பார்த்தான். அவசரப்படவில்லை.

"தெரியாதுண்ணே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

சூசை பொய் சொல்லி நான் கேட்டதில்லை.