சிவப்புப் பூவும் கணினியும்

என் அத்தான் மலேசியாவில் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பெருங்குடலில் புற்றுநோய். புதிய மருந்தைப் பழைய மருந்தோடு ஒப்பிடும் ஆய்வில் சேர விருப்பமா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். இளம் தமிழ் டாக்டர் இருபது பக்கப் படிவத்தை வரி வரியாக விளக்கினார். அத்தான் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார்.

“புரிஞ்சிச்சா அங்கிள்?”

“நல்லா புரிஞ்சிச்சு டாக்டர்.”

எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தாய்க்குத் திரும்பும்போது காரில் என்னிடம் கேட்டார்: “என்னா சொன்னிச்சு அந்தப் பொண்ணு?”

நான் வாய் திறப்பதற்குள் அக்கா வழி கண்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். சிவப்பு வந்தால் புதிய மருந்து, வெள்ளை வந்தால் பழையது. பூசாரி எடுத்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது.

மறுவாரம் அத்தான் உட்காரும் முன்பே சொன்னார்: “புதுசே போடுங்க டாக்டர். ஆத்தா உத்தரவு குடுத்துட்டா.”

“நான் எடுக்க முடியாது அங்கிள். கம்ப்யூட்டர்தான் எடுக்கும்.”

“அதுக்கு என்னைத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாத ஆளுகிட்டயா கேக்கறது?” என்றாள் அக்கா.

டாக்டர் படிவத்தை மூடி வைத்தார். “கோயில்ல எப்படிப் பாத்தீங்க, சொல்லுங்க.”

அத்தான் விவரமாகச் சொன்னார்.

“எந்தப் பொட்டலத்துல என்ன பூன்னு பூசாரிக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா ஏமாத்து வேலை லா!”

“இங்கயும் அப்படித்தான். எது நல்ல மருந்துன்னு எனக்குத் தெரிஞ்சா அதையே குடுத்துருவேன். தெரியாததாலதான் இந்த ஆய்வு. புடிக்கலன்னா நடுவுல விலகிக்கலாம், வைத்தியம் நிக்காது. இப்ப நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க.”

அத்தான் விரல் மடக்கினார். “ரெண்டுல எது நல்லதுன்னு உங்களுக்கே தெரியாது. கம்ப்யூட்டர் பூ எடுக்கும். எனக்குப் புடிக்கலன்னா நடுவுல போயிரலாம், அப்பவும் வைத்தியம் பாப்பீங்க.” கொஞ்சம் யோசித்தார். “ஒரு கேள்வி. கம்ப்யூட்டரைத் தொடுறதுக்கு முன்னாடி குளிப்பீங்களா?”

“தினமும் காலையில ஆறு மணிக்கே குளிச்சிருவேன் அங்கிள்.”

கையெழுத்துப் போட்டார்.

ரத்தப் பரிசோதனைகள் முடிந்த அன்று டாக்டர் எங்கள் முன்னாலேயே விசையைத் தட்டினார். பழைய மருந்து.

“கோயில்ல மூணு தடவை கேக்கலாம்,” என்றார் அத்தான்.

“இங்க ஒரு தடவைதான்.”

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “எந்திரிங்க, போலாம். நடுவுல போயிரலாம்னு அவங்களே சொன்னாங்கள்ல?”

“போலாம்னு எனக்கும் தெரியும்,” என்றார் அத்தான். “நான் போகல. நீ உக்காரு.” பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். “எப்ப ஆரம்பிக்கிறீங்க?”