மாமி பார்க்கக்கூடாத கோயில்

மத்தியப் பிரதேசத்தை நான் முழுவதுமாகப் பார்த்திருக்கிறேன். ஒரே பின்னேரத்தில், சோபாவை விட்டு எழும்பாமல், கையில் ஒரு மீன் றோல்ஸோடு.

போன மாதம் லண்டனில், செவன் கிங்ஸில் ஒரு பிறந்தநாள் விழா. கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே டொக்டராக இருக்கும் ஒரு பெண் தன் விடுமுறைத் திட்டத்தை விரித்துக்கொண்டிருந்தார். "சாஞ்சி, ஓர்ச்சா, கஜுராஹோ, அப்புறம் கான்ஹாவுல புலி. நீங்க போயிருக்கீங்களா?"

"பாத்திருக்கிறன்" என்றேன்.

"எப்படி இருந்துச்சு?"

"சாஞ்சிதான் கொஞ்சம் வேகம்."

அவர் மரியாதைக்குச் சிரித்துவிட்டு கேக் இருந்த பக்கம் போய்விட்டார். என்னோடு பேசுகிறவர்களுக்குச் சற்று நேரத்தில் கேக்கின் ஞாபகம் வருவது வழக்கம்தான். விளக்கம் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு மாமியில் தொடங்கவேண்டும், மாமியில் தொடங்கினால் விழா முடிந்துவிடும்.

மாமி என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக லண்டனுக்கு வந்தவர். தாதியாக வந்து, இரவு ஷிப்ட் செய்து, யாழ்ப்பாணத்திலிருந்து தம்பிமாரை ஒவ்வொருவராக இழுத்தெடுத்தவர். யார் எங்கே வேலைக்குப் போவது, யார் யாரைக் கட்டுவது என்பதெல்லாம் ரெய்னர்ஸ் லேனில் அவருடைய குசினி மேசையில்தான் தீர்மானமாகும். அம்மாவை அப்பாவுக்குப் பேசியதும் அவர்தான். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் பாதிப்பேரின் கலியாணத்தை அவர் பேசி முடித்திருக்கிறார். தன்னுடையதைப் பேசத்தான் அவருக்கு ஒழிவு கிடைக்கவில்லை.

இப்படிப்பட்டவர் சித்தப்பாவுக்கு ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்த நேரத்தில், சித்தப்பா பெற்றோல் ஸ்டேஷன் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து திருச்சிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அங்கே அகதியாக வந்திருந்த மன்னார்ப் பெண் ஒருத்திக்கு. வேதமும் ஒன்றுதான், குடும்பமும் நல்ல குடும்பந்தான். குற்றம் சொல்ல எங்கும் இடமில்லாதபடியால் குற்றம் முழுவதும் ஒரே கேள்வியில் வந்து குவிந்தது: "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டவனோ?"

சித்தப்பா திருச்சிக்குப் போய்த் தாலி கட்டினார். மாமி போகவில்லை. சித்தி விசா எடுத்து வந்து, கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு மேல் அறையில் குடியேறிய பிறகு மாமி எங்கள் வீட்டுக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார். அந்த நத்தார்ப் பண்டிகைக்கு அவருடைய பயித்தம் பணியாரம் வரவில்லை. பெரியவர்களின் சண்டை என்னை நேரடியாகத் தாக்கியது அங்கேதான்.

சித்தி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் மாமி இருக்கும் மர வாங்கிலேயே, பக்கத்தில் போய் இருப்பார். ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுங்கள் என்று சாமியார் சொன்னதும் மாமி முன் வாங்குக்குக் கை கொடுப்பார், பின் வாங்குக்குக் கொடுப்பார், கோயிலின் கடைசி மூலையில் நிற்கும் வெள்ளைக்காரக் கிழவருக்கும் நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருவார். சித்தியின் கை நீட்டியபடி நிற்கும். பிறகு அது மெதுவாக என் தலையில் வந்து இறங்கும். மாமிக்குப் போகவேண்டிய சமாதானம் முழுவதும் அந்தக் குளிர்காலத்தில் எனக்குத்தான் கிடைத்தது.

கடைசியில் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. வீடியோ.

எங்கள் ஆட்களிடையே ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டியது போதாது, கட்டியதை ரீவியில் போட்டு, றோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்து, இனசனத்துக்குக் காட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் கலியாணம் நடந்ததாகக் கணக்கு. சித்தப்பாவின் கசெற்றில் இன்னொன்றும் இருந்தது. ஊர் சுற்றி முடித்துக் கடைசியாக வேளாங்கண்ணிக்குப் போனபோது, மாமியின் முழங்கால் வருத்தம் மாறவேண்டும் என்று நேர்ந்து, சித்தி மணலில் முழங்காலாலேயே போயிருந்தார். அது அப்படியே படமாகியிருந்தது.

"அதை அக்கா ஒருக்காப் பாத்தா எண்டால் உருகிப்போடுவா" என்றார் அப்பா.

இடையூறு என்னவென்றால், கலியாணத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவில் முழு மத்தியப் பிரதேசமும் கிடந்தது.

தேனிலவுக்கு ஊட்டி, கொடைக்கானல் என்று மனிதர் போகிற இடத்துக்குப் போகாமல் சித்தப்பா ஏன் அங்கே போனார் என்பதற்கு அவர் ஒரே காரணந்தான் சொல்வார். "இந்தியாவின்ரை நடுவைப் பாக்காமல் இந்தியா பாத்தனான் எண்டு சொல்ல ஏலாது." புலி பார்க்கவேண்டும் என்பதுதான் உண்மைக் காரணம். கான்ஹா காட்டிலிருந்து அவர் கொழும்புப் பெரியம்மாவுக்கு போன் எடுத்து, "நாலு நாளாத் தேடுறம், ஒரு புலியையும் காணேல்லை" என்று சொல்ல, பெரியம்மா ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிட்டு, இரண்டு கிழமைக்கு அதை எடுக்கவேயில்லை. அது அந்தக் காலம்.

இரவல் கமராவால் சித்தப்பா எடுத்த படம் மூன்று மணித்தியாலம். எல்லாவற்றுக்கும் அவரே குரல் கொடுத்திருந்தார். "இது ரெயின். இது ரெயினின்ரை யன்னல். இது யன்னலுக்கு வெளியாலை." குவாலியர்க் கோட்டையில் ஒரு நாய் நித்திரை கொள்வதை, அது எழும்பும்வரை எடுத்திருந்தார்.

மாமி வருவதாகச் சொல்லிவிட்ட பிறகுதான் அப்பாவும் அம்மாவும் படத்தை முன்கூட்டிப் போட்டுப் பார்த்தார்கள். அன்று நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மாவின் முகம் ஒரு மாதிரி இருந்தது. என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, சனிக்கிழமை ரிமோட் உன்ரை கையிலைதான். நடுவிலை ஒரு கோயில் மாதிரி வரும். அதை மாமி பாக்கக்கூடாது. வந்த உடனை ஓட்டிவிடு."

"என்ன கோயில்?"

"வந்தால் உனக்கே விளங்கும்."

"ஏன் பாக்கக்கூடாது?"

"எடியே, சொன்னதைச் செய். ஆராவது கேட்டால் கசெற் பழுது எண்டு சொல்லு."

அப்பாவை நம்பி ரிமோட்டைக் கொடுக்கமுடியாது. அவர் சத்தத்தைக் கூட்டப்போய் ரீவியை நிற்பாட்டுகிறவர். சித்தப்பா மறைக்கவே சம்மதிக்கமாட்டார். அவருக்கு அது கலை. ஒன்பது வயதில், ஒரு குடும்பத்தின் சமாதானம் என் கட்டைவிரலில் வந்து தங்கியது இப்படித்தான்.

நான் யோசிக்கிற பிள்ளை. அது என் பழைய வியாதி. மாமி பார்க்கக்கூடாத கோயில் எதுவாக இருக்கும்? எங்கள் வீட்டில் மறைக்கப்படுகிற காட்சி ஒன்றுதான் எனக்குத் தெரியும். செய்தியில் இலங்கையைக் காட்டும்போது வெள்ளையாக, கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு விகாரை வந்தால் அப்பா பெருமூச்சு விட்டு சானலை மாற்றுவார். மாமி எழும்பியே போய்விடுவார். கோயில், ஆனால் கோயில் 'மாதிரி'. எனக்கு விளங்கிவிட்டது. அம்மா இவ்வளவு சுற்றி வளைத்திருக்கத் தேவையில்லை என்றுகூட நினைத்தேன்.

சனிக்கிழமை மாமி வந்தார். தனியாக அல்ல, செபக்கூட்டத்து அன்ரி ஒருவரையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு. மாமி குளிர்கோட்டைக் கழற்றவில்லை. அதிக நேரம் இருப்பதாக எண்ணமில்லை என்று அர்த்தம். சித்தி வாசற்படியோடு ஒரு கதிரையில், விசா கேட்கப் போனவர் மாதிரி இருந்தார்.

கலியாணப்பகுதி ஓடியது. மாமி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெயின் ஓடியது, ரெயினின் யன்னல் ஓடியது. பிறகு ஒரு மேட்டின் மேல், நீல வானத்தில், கவிழ்த்த கிண்ணம்.

அழுத்தினேன். சித்தப்பாவும் சித்தியும் சாஞ்சி ஸ்தூபியைச் சுற்றி எறும்புகள்போல் ஓடினார்கள். ஒரு புத்த பிக்கு பந்தயக் குதிரை வேகத்தில் கடந்து போனார்.

"எடியே, என்ன செய்யிறாய்? எவ்வளவு அருமையான இடம்!" என்று சித்தப்பா பதறினார்.

"கசெற் பழுது!" என்றேன், குசினிக்குக் கேட்கும்படி.

பல வருடம் கழித்துத்தான், இலங்கைக்குப் புத்தசமயத்தைக் கொண்டுபோன இளவரசன் அந்தப் பக்கத்திலிருந்துதான் புறப்பட்டான் என்ற கதையை வாசித்தேன். எங்கள் நாட்டுச் சரித்திரத்தின் முதல் அத்தியாயத்தை ஒரு நிமிடத்தில் ஓட்டிவிட்ட பெருமை எனக்குண்டு.

குசினியில் அம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஆபத்துக் கடந்துவிட்டது என்று முடிவு செய்து தேத்தண்ணித் தட்டைத் தூக்கினார். நானும் கடமை முடிந்தது என்று ரிமோட்டைச் சோபாவில் வைத்துவிட்டு ஒரு றோல்ஸை எடுத்தேன். நித்திரை கொள்ளும் நாயும், ஓர்ச்சா அரண்மனையும் போய், அம்மா முன்னறைக்குள் காலடி வைத்த நேரம் கஜுராஹோ வந்தது.

கஜுராஹோவைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத்தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்லப்போவதில்லை. எனக்கு அது நல்லூர்க் கோபுரத்தின் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரித்தான் தெரிந்தது, சிலைகளுக்குச் சட்டை தைக்க ஆளில்லை, அவ்வளவுதான். ஆனால் படத்தில் சித்தப்பாவின் குரல் விடுவதாயில்லை. "இஞ்சை பாருங்கோ, என்ன நுணுக்கம். அந்தக் காலைப் பாருங்கோ. அது ஆரின்ரை கால் எண்டு சொல்லுங்கோ பாப்பம்?" கமராவுக்குப் பின்னால் சித்தியின் குரல்: "ஐயோ, போதும், நிப்பாட்டுங்கோ."

அம்மா தட்டோடு நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார். சாஞ்சிக்காகப் பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் கண்ணைக் காட்டினேன். செபக்கூட்டத்து அன்ரி கைப்பையைத் திறந்தார். செபமாலை எடுக்கிறார் என்று எல்லோரும் நினைத்தோம். மூக்குக்கண்ணாடியை எடுத்தார்.

அப்பா பாய்ந்து ரிமோட்டைப் பிடித்து ஏதோ ஒன்றை அழுத்தினார். படம் நின்றது. அப்படியே, உறைந்து, ரீவி முழுவதும்.

சித்தி தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதையோ உடைத்துவிட்டேன் என்று முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான், ஆனால் எதை என்று தெரியவில்லை. பாதி றோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

மாமி ரீவியைப் பார்த்தார். பிறகு திரும்பிச் சித்தியைப் பார்த்தார்.

"பிள்ளை," என்றார். சித்தியிடம் அவர் பேசிய முதல் சொல் அது. "அங்கை வெயில் கடுமையோ?"

சித்தி எழும்பியே நின்றுவிட்டார். "ஓம் மச்சாள். சரியான வெயில். செருப்பையும் கழட்டச் சொல்லிப்போட்டினம். கால் வைக்க ஏலாது."

"சொக்ஸ் போட்டிருக்கலாமே."

"கொண்டு போகேல்லை மச்சாள்."

"உவனுக்கு அதெல்லாம் எங்கை தெரியும்." மாமி கோட்டைக் கழற்றி மடியில் வைத்தார். "நிக்கிற படத்தை என்னத்துக்குப் பாக்கிறது? ஓடவிடு."

ஓடவிட்டோம். ஆனால் பேடாகாட் படகுப் பயணம் முடிந்து, புலியில்லாத கான்ஹா வந்து, புல்லுக்கு மேல் புல்லாகப் போய்க்கொண்டிருக்கும்போது மாமி எழும்பினார். அப்பா தவித்துப்போனார். "அக்கா, கொஞ்சம் பொறுங்கோ, இனித்தான் வேளாங்கண்ணி!"

"வேளாங்கண்ணி நான் பாத்தது" என்றார் மாமி. "கசெற்றைத் தா. வீட்டை ஆறுதலாப் பாக்கிறன்."

அடுத்த ஞாயிறு பூசையில், சமாதானம் கொடுக்கும் நேரம், சித்தியின் கை நீளுமுன் மாமியின் கை நீண்டது. என் தலைக்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கடுத்த கிழமை சித்திக்கு ரெய்னர்ஸ் லேனில் மத்தியானச் சாப்பாடு. சித்தப்பாவுக்கு அழைப்பில்லை. சித்தி திரும்பி வரும்போது கையில் பயித்தம் பணியாரமும் கசெற்றும் இருந்தன.

பணியாரத்தை நான் வாங்கினேன். கசெற்றை அப்பா வாங்கினார்.

"பின்னாலை ஓட்டாமல் தந்திருக்கிறா" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அவருடைய முகத்தில் ஒரு விஷமம் இருந்தது. "எந்த இடத்திலை நிப்பாட்டியிருக்கிறா எண்டு பாப்பமே?"

"சும்மா இருங்கோப்பா" என்று சொன்ன அம்மாவும் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

அப்பா கசெற்றைப் போட்டார். அவர்கள் எதிர்பார்த்த கோயில் வரவில்லை. வேளாங்கண்ணியும் வரவில்லை. பேடாகாட்தான். நர்மதை ஆற்றில் ஒரு படகு. இரண்டு பக்கமும் வெள்ளைச் சலவைக்கல் பாறைகள். படகோட்டி ஹிந்தியில் ஏதோ பாட்டாகச் சொல்ல, ஹிந்தியில் ஒரு சொல்லும் தெரியாத சித்தப்பா கமராவுக்குப் பின்னாலிருந்து அதைத் தமிழில் மொழிபெயர்க்கிறார். சித்தி ஒரு கையை ஆற்றுக்குள் விட்டபடி சிரிக்கிறார். சிரிப்பை அடக்கமுடியாமல் தண்ணீரை அள்ளிக் கமராவில் எற்றுகிறார். படம் நனைந்து, மங்கி, பிறகு தெளிகிறது. சித்தி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அவ்வளவுதான். புலிகூட இல்லை.

அப்பாவின் முகத்தில் இருந்த விஷமத்தைக் காணவில்லை. அம்மா சேலைத் தலைப்பால் தூசி ஒன்றுமில்லாத ரிமோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாவம், மாமிக்கு அதிலை நித்திரை வந்திட்டுது போலை" என்றேன், வாய் நிறையப் பணியாரத்தோடு.

அம்மா எழும்பிப் போய்க் கசெற்றை எடுத்து, முன்னுக்கும் ஓட்டாமல் பின்னுக்கும் ஓட்டாமல், அப்படியே உறைக்குள் போட்டு வைத்தார்.