இருபதாவது முகம்

திண்டிவனத்தில் பிளக்ஸ் கடை ஒன்றில் டிசைனராக இருந்தபோது எனக்கு என் கைவேகம் பற்றிக் கொஞ்சம் திமிர் உண்டு. எந்த முகத்தைக் கொடுத்தாலும் ஐந்தே நிமிடத்தில் பின்னணியை வெட்டியெறிந்து, அந்த ஆளைச் சிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிடுவேன். கணினி அறிவியல் படித்தவன் செய்யும் வேலையா என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் காதுகுத்தோ, மஞ்சள் நீராட்டோ, கண்ணீர் அஞ்சலியோ, பேனர் இல்லாமல் எதுவும் நடக்காது. நடுவில் பெரிய முகம். கீழே வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள், 'அன்புடன் அழைக்கும்' கூட்டம். பேனரை நிமிர்ந்து பார்க்கிற எல்லோரும் முதலில் படிப்பது அந்தக் கீழ்வரிசையைத்தான். யார் யாரோடு இருக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். தன் முகம் விட்டுப்போனதற்காகச் சொந்த அண்ணன் வீட்டு விசேஷத்துக்கே போகாதவர்களை எனக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்திருந்தும்தான் நான் அதைச் செய்தேன்.

ஒரு மதியம் மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். விழுப்புரத்தில் ஓர் 'அண்ணன்', அவர் மகளுக்குக் காதுகுத்து. அந்த அண்ணன் என்ன தொழில் செய்கிறார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். காலி மனைத் தகராறு என்றால் அவரிடம் போவார்கள். போனால் தீர்ந்துவிடும். எப்படித் தீர்ந்தது என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

"கீழ பத்து பத்தா ரெண்டு வரிசை தம்பி. ஜல்தி பண்ணு, நாங்க நின்னுக்கினே இருக்கறோம்" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர்.

வாட்ஸப்பில் வந்த படங்களை எண்ணினேன். "அண்ணா, பத்தொம்போதுதான் இருக்கு. ஒண்ணு கொறையுது."

"அது ஒருத்தன் உள்ள இருக்கான். அவன் மூஞ்சி வாணாம்."

"அப்ப ஒரு எடம் காலியா இருக்குமேண்ணா?"

"பல்லு போன மாரி இருக்கும். எதனா போட்டு ரொப்பு."

அவர்கள் டீ குடிக்கப் போனார்கள். நான் கணினியைத் துழாவினேன். முன்னால் வந்து நின்றது என் நண்பனின் பாஸ்போர்ட் சைஸ் படம். விக்கிரவாண்டி பக்கத்து ஊரில் எனக்கு எதிர் வீட்டுக்காரன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவன். காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்க நான்தான் அந்தப் படத்தைச் சரிசெய்து கொடுத்திருந்தேன். எழுத்துத் தேர்வு முடித்து, ஓட்டம் முடித்து, கயிறு ஏறி எல்லாவற்றிலும் தேறிவிட்டான். காவல் துறையின் நடத்தை விசாரணை ஒன்றுதான் பாக்கி. அது முடிந்தால் அவன் போலீஸ்.

வேடிக்கையாக இருக்கும் என்றுதான் போட்டேன். அதோடு விட்டேனா? வேறொரு பேனரிலிருந்து ஒரு கூலிங்கிளாஸை எடுத்து அவன் முகத்தில் மாட்டினேன். அவனுக்கும் அனுப்பினேன்.

"டேய் மென்டல், போலீஸாவப் போறவன ரவுடி ஆக்கிட்டியேடா" என்று பதில் வந்தது. உடனே இன்னொன்று: "ஆனா செமயா இருக்குடா." அன்று முழுக்க அதை ஸ்டேட்டஸில் வைத்திருந்தான்.

காதுகுத்து முடிந்த மறுவாரம், விழுப்புரத்தில் பட்டப்பகலில் எதிர்க் கோஷ்டி ஆள் ஒருவனை வெட்டிவிட்டார்கள். போலீஸ் முதலில் செய்த வேலை, மண்டப வாசலில் அவிழ்க்காமல் கிடந்த அந்தப் பேனரைப் படமெடுத்ததுதான். பிறகு முகம் முகமாகத் தேடினார்கள். என் நண்பனை ஏரிக்கரையில், காலை ஓட்டத்தில் பிடித்தார்கள். ஓடிக்கொண்டிருந்தான் என்பதே சந்தேகமாகிவிட்டது.

அவன் அம்மா எனக்குப் போன் செய்தார். "யப்பா, ஜீப்புல ஏத்திக்கினு போய்ட்டாங்கப்பா. இன்னா பண்ணான் எம்புள்ளன்னு கேட்டா பேனர்ல இருக்கான்றாங்க. இன்னா பேனருப்பா அது? உனுக்கு எதனா தெரியுமா?"

"தெரிலம்மா" என்றேன்.

அந்தச் சொல் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. நாக்குகூடக் குழறவில்லை.

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். "வாயத் தொறந்துடாத. பர்மிஷன் இல்லாத பேனரு. கடைக்கு சீல் வெச்சிட்டுப் போய்க்கினே இருப்பானுங்க. சும்மா விசாரிச்சிட்டு வுட்ருவாங்க, நீ பேஜாரு பண்ணாத" என்றார். விட்டுவிடுவார்கள் என்று நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. உண்மையில் அவனை மாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள், காலையில் திரும்ப வரச் சொன்னார்கள். அப்படியே இரண்டு நாள். நான் அந்த இரண்டு நாளும் அவன் போனை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் தாங்க முடியாமல் விழுப்புரம் காவல் நிலையத்துக்குப் போனேன். எஸ்.ஐ. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தார்.

"சார், அந்தப் பேனர்ல கடைசி போட்டோ நான் போட்டது சார். அவனுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்ல. ஒரு எடம் காலியா இருந்துச்சி, அதான்."

"காலியா இருந்தா எம்போட்டோவப் போட்ருப்பியா?"

கேட்டுவிட்டு எஸ்.ஐ. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருவது பேர்ல அவன் ஒருத்தன்தான் கண்ணாடி மாட்டிக்கினு நிக்கிறான். பெரிய கை போலன்னு நாங்களே முதல்ல அவனத்தான் தேடனோம். ஸ்டேட்டஸ் வேற வெச்சிருக்கான். அதயும் நீதான் வெச்சியா?" என்றார். கோபமே இல்லாமல்தான் பேசினார். "எப்ப வந்து சொல்ற நீ? காலைலதான் கோட்டாட்சியர் ஆபீஸ்ல, இனிமே ஒழுங்கா இருப்பேன்னு நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கனோம். ஒரு வருஷத்துக்கு. வக்கீலு, ஜாமீன் கையெழுத்துக்கு ரெண்டு பேரு, எல்லாம் யாரு அனுப்பனது தெரியுமா? அந்த அண்ணன். சம்பந்தம் இல்லாதவனுக்கு எவனாச்சும் வக்கீல் அனுப்புவானா?"

அந்த அண்ணனுக்கு என் நண்பன் யாரென்றே தெரியாது! பிறகு கேள்விப்பட்டேன்: 'யார்ரா இவன்?' என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. 'நம்ம பேனர்ல இருக்கான்ல? அப்ப நம்ம பையன்தான், போய்ப் பாருங்க' என்று அனுப்பிவிட்டாராம். போலீஸ் படித்ததுபோலவே அவரும் அந்த வரிசையைப் படித்திருக்கிறார்.

காவலர் வேலைக்கான நடத்தை விசாரணையில் அந்தப் பிணை பதிவாகியிருந்தது. தகுதியில்லை என்று கடிதம் வந்தது. நான் நான்கு பக்கத்துக்கு நடந்ததையெல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்து டீக்கடையில் அவனைப் போய்ப் பார்த்தேன். ஒரு வெள்ளைக் காரில் சாய்ந்து நின்றிருந்தான். யாருடைய கார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"கோர்ட்டுக்குப் போலாம்டா. நான் வந்து சொல்றேன். இத வெச்சி கண்டிப்பா ஜெயிக்கலாம்."

முதல் பக்கத்தைப் படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"மூணு நாள்டா. அந்த பெஞ்சில குந்திக்கினு வாசலயே பாத்துக்கினு இருந்தேன். எங்க மாமா வர்ல. கோச்சிங் சாரு போனே எடுக்கல. நீ..." என்றவன் நிறுத்திக்கொண்டான். "அந்த அண்ணன் யாருன்னே எனக்குத் தெரியாது. வெளிய வந்ததும் மொதல்ல 'சாப்ட்டியா'ன்னு கேட்டாரு. அன்னிக்கி எங்க ஊட்ல கூட யாரும் கேக்கல."

"அதுக்காக அவருகிட்டயே போயிடுவியா? அது இன்னா மாரி எடம்னு தெரியும்ல?"

"தெரியும். வேற எங்க போறது, நீ சொல்லு."

லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. பிறகு, ஏதோ நல்ல சேதி சொல்கிறவன் மாதிரி என் தோளில் தட்டினான்.

"உன்ன ஒருநாள் இட்டுக்கினு வரச் சொன்னாருடா. அந்த பேனர் பண்ணது யாருன்னு கேட்டாரு. 'அவன் கைல வித்த இருக்கு, ஏன் போய் அந்தக் கடையில கெடக்குறான்'னாரு."

ஒரு நண்பனின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டு, அதற்கான வாக்குமூலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இரண்டு வருடம் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பேனரைப் பார்த்து இதைச் செய்தது யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"நெஜமாவா சொன்னாரு?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் என் குரல் எனக்கே காதில் விழுந்தது. அதில் சந்தோஷம் இருந்தது. நண்பனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். தலையாட்டிச் சிரித்தான். திண்டிவனம் பஸ் வந்து நின்றது. அவனிடம் சொல்லிக்கொள்ளாமல் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். டோல்கேட்டைத் தாண்டி வெகுதூரம் போன பிறகும் என் மனம் அந்த வார்த்தைகளையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது.