அடையாள அட்டையைக் கொடுத்து எடுத்த சைக்கிள்

ஆஸ்பத்திரியில் இருந்த அக்காவுக்கு உதவியாக வவுனியாவிலிருந்து திருகோணமலைக்குப் போனேன். லொறியில் அனுப்பினால் நெளியும் என்று என் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, அங்கே ஒன்றை வாடகைக்கு எடுத்தேன்.

"ஐடென்டியை வச்சிட்டுப் போங்கோ. சைக்கிளைக் கொண்டரேக்க தாறன்," என்றார் கடைக்காரர். கொடுத்துவிட்டேன்.

மத்தியானம் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோகையில், துறைமுகப் பக்கம் கடற்படைக்காரர் மறித்து அடையாள அட்டையைக் கேட்டார்கள். கடைக்காரர் போனை எடுக்கவில்லை. பின்னேரம்தான் எடுத்தார்; அவர் அட்டையோடு வந்த பிறகே என்னை விட்டார்கள். சோறு புளித்திருந்தது.

"என்ர பசி கிடக்கட்டும். ஐடென்டி இல்லாமல் ஆரும் வெளிக்கிடுவினமோ?" என்றார் அக்கா.

சண்டைக் காலத்தில் கிணற்றடிக்குக்கூட அதைக் கொண்டுபோனவன் நான். இப்போது எந்த ஊருக்குப் போனாலும் என் சைக்கிளும் லொறியில் வருகிறது. நெளிந்தால் நெளியட்டும்.